கம்பசுக்குப் போகும் பிள்ளைக்குக் காசா, கூட்டமா, ஒரு ஆளா?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவந்து இரண்டு கிழமைக்குள் எங்கள் ஊர்ப் பழைய மாணவர்கள் கூடுவோம், கூடினால் ஒவ்வொரு வருடமும் அதே வாக்குவாதம்தான். இந்த முறை எத்தனை பிள்ளைகள் எடுபட்டிருக்கிறார்கள், கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது. ஒருவர் லப்டொப் என்பார், ஒருவர் பாராட்டு விழா என்பார், வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப் வழியாகக் கூட்டத்துக்கு வந்த அண்ணை ஒருவர் ஸ்பீக்கரில் “முதல்ல இங்கிலீஷ் படிப்பியுங்கோ” என்று கத்துவார், பின்னால் அவர் வீட்டு நாய் குரைப்பதும் கேட்கும். நான்கு வருடமாக இந்தக் கூட்டத்தில் இருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட்டோம். எது பிள்ளைக்கு உதவியது, எது எங்களுக்குப் படம் எடுக்க மட்டும் உதவியது என்று எழுதி வைக்கிறேன். நாங்கள் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம், ஆனால் துணுக்காயிலும் கரைச்சியிலும் மடுவிலும் இதே வேலையை இதே தலையிடியோடு செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படலாம்.

யாருக்காக இதையெல்லாம் யோசிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழு இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளவை. எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உள்ள வவுனியா பம்பைமடுவுக்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டும் போவதில்லை. பேராதனை, மொறட்டுவை, ஒலுவில், பெலிஹுல்ஓயா, மாத்தறை என்று தீவு முழுக்கச் சிதறிப் போகிறார்கள். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஏழு பேர் ஏழு இடத்துக்கு. போன இடத்தில் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் “கோட்டாவில வந்தனீங்களோ” என்று கேட்டுவிடுவார். கேட்டவர் அன்று பின்னேரமே அதை மறந்துவிடுவார். கேட்கப்பட்ட பிள்ளை அதற்குப் பிறகு விரிவுரையில் கை தூக்காது.

சரி, ஒரு கதை. அது நடந்ததற்குப் பிறகுதான் எங்கள் யோசனையே மாறியது.

மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு விடியப்புறம், வவுனியாவுக்கு வேலைக்குப் போவதற்காக மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், இன்னும் வெளிக்கவில்லை, தேத்தண்ணிக் கடையில் மட்டும் வெளிச்சம். கடை வாங்கில் ஒரு பெடியன் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், மூன்று கிழமைக்கு முந்தி நாங்கள் மாலை போட்டு அனுப்பிய தம்பி. தெற்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். லீவோ என்று கேட்டேன், இல்லை என்றான். சுகமில்லையோ, இல்லை. “நான் இனிப் போகேல்லை அண்ணை” என்று மட்டும் சொன்னான். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மூன்று தேத்தண்ணி குடித்த பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. பகிடிவதையா (ராக்கிங்) என்றால், இருந்தது, ஆனால் அது இல்லையாம். ஆங்கிலத்தில் பாடமா, அதுவும் கஷ்டம்தான், அதுவும் இல்லையாம். விடுதி அலுமாரித் திறப்பைத் துலைத்துவிட்டான். பூட்டை உடைக்க யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. விடுதிப் பொறுப்பாளருக்குச் சிங்களம் மட்டும், இவனுக்குச் சிங்களத்தில் நாலு சொல். அறையில் இருந்த மற்ற மூவரிடம் சொல்ல வெட்கம். மூன்று நாள் ஒரே சேட்டோடு விரிவுரைக்குப் போனான், நான்காம் நாள் போகவில்லை, ஐந்தாம் நாள் பஸ் ஏறிவிட்டான். அந்த அலுமாரிக்குள்தான் நாங்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த லப்டொப் இருந்தது.

அப்போதிருந்து யார் என்ன திட்டம் சொன்னாலும், அந்தத் திறப்புத் துலைந்த அன்று இது அவனுக்கு உதவியிருக்குமா என்று பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது.

காசையே முதலில் எடுக்கிறேன். காசு வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாத வீடுகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கம்பசுக்குப் போகிற பிள்ளைகள் 2009 இல் மூன்று, நான்கு வயதில் இருந்தவர்கள், தாய் ஒருத்தி கூலிக்கு நெல் வெட்டியும் கச்சான் ஆய்ந்தும் படிப்பித்தவர்கள். அரசு கொடுக்கும் மகாபொல புலமைப்பரிசில் வரும், இல்லாவிட்டால் பர்சரி என்ற உதவிப்பணம் வரும் என்பது உண்மை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இல் இருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். ஆனால் பதிந்த அடுத்த மாதமே அது கைக்கு வந்துவிடாது. விண்ணப்பம், வருமானச் சான்று, தெரிவு என்று மாதங்கள் போகும். பிள்ளைக்குக் காசு தேவைப்படுவது சரியாக அந்த இடைவெளியில்தான்: மெத்தை, வாளி, நுளம்பு வலை, பூட்டு, பஸ் காசு, பீடத்துக்குச் சொன்ன கல்குலேட்டர், ஆய்வுகூட மேலங்கி. முதலாம் வருடத்தில் விடுதி கிடைக்காமல் வெளியில் போர்டிங் எடுத்தால் முற்பணம் வேறு.

நாங்கள் முதலில் செய்த பிழை, எல்லாக் காசையும் சேர்த்து மேடையில் வைத்து ஒரு பெரிய பொருளாகக் கொடுத்தது. லப்டொப் நல்ல படம் வரும். இரண்டாம் வருடத்தில் அதையே உறைக்குள் வைத்துக் காசாகக் கொடுத்தோம், அதில் பாதி வீட்டுக் கடனுக்குப் போனது, அதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? மூன்றாம் முறை மாதம் 5,000 வீதம் ஆறு மாதத்துக்குப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போட்டோம். மூன்றிலும் இதுதான் வேலை செய்தது. ஒரு விசயம் கவனித்தேன், ஒவ்வொரு மாதமும் காசு போட்டதும் “வந்ததா?” என்று கேட்டு ஒரு கோல் எடுப்போம், பிள்ளைகள் அந்தக் கோலில்தான் மற்றக் கதையெல்லாம் சொன்னார்கள். அது இல்லாமல் சும்மா கோல் எடுத்தால் “இருக்கிறன் அண்ணை, நல்லா இருக்கிறன்” என்பதோடு சரி.

அடுத்தது கூட்டம். ஒரு நாள் வழிகாட்டல் நிகழ்வு, பாராட்டு விழா, செயலமர்வு, எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதான். பாடசாலை மண்டபம், இரண்டு பெடஸ்டல் விசிறி, ஒன்பது மணி என்று போட்டுப் பத்தரைக்குத் தொடங்கும், மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை. பிள்ளைகள் பேச வேண்டிய நேரத்தில் வடையும் தேத்தண்ணியும் வந்துவிடும். கேள்வி கேளுங்கள் என்று சொன்னால் அதிபர், பங்குத்தந்தை, ஐயர், கிராம சேவகர் எல்லோரும் முன்வரிசையில் இருக்கிற மண்டபத்தில் எந்தப் பிள்ளை எழுந்து “ராக்கிங் செய்தால் யாருக்குச் சொல்வது” என்று கேட்கும்? ஆனாலும் இதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். தாய்மாருக்கு அது தேவை. மகள் போகிற இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது என்று தெரிந்து, இரண்டு தாய்மார் மண்டப வாசலில் போன் இலக்கம் மாற்றிக்கொண்டது அந்த நாளின் மிகப் பெரிய பலன். அதை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே, மைக் இல்லாமல், ஐம்பது பாய் விரித்தும் செய்யலாம். போன வருடம் அப்படித்தான் செய்தோம், மூவாயிரத்துச் சொச்சம் முடிந்தது.

ஆங்கில வகுப்பு பற்றி அதிகம் இழுக்கவில்லை. நல்லது, ஆனால் மூன்று மாதத்தில் வருவதில்லை. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், முதலாம் வருடத்தில் பல்கலைக்கழகங்களே ஆங்கிலப் பாடம் வைக்கின்றன. அதை நாங்கள் ஊரில் ஒரு ரியூசன் மாஸ்டரை வைத்துத் திருப்பிச் செய்வதில் லாபம் குறைவு. அதை விட, தெற்கே போகிற பிள்ளைக்கு நடைமுறைச் சிங்களம் பத்து நாள் சொல்லிக் கொடுக்கலாம். “யதுற நெதி வுணா”, திறப்புத் துலைந்துவிட்டது, இந்த ஒரு வசனம் அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

வட்ஸ்அப் குரூப் மலிவு, காசே இல்லை. அதனால் எல்லோரும் அதில்தான் போய் நிற்பார்கள். எங்கள் குரூப்பில் அறுபதுக்கு மேல் ஆட்கள். பதிவுப் படிவத்தில் எந்தச் சான்றிதழ் வேண்டும், மாங்குளத்தில் இருந்து கண்டிக்கு எந்த பஸ் வசதி, எந்த போர்டிங்கில் தண்ணீர் வராது, இப்படியான கேள்விக்கு அதை விட நல்ல இடம் இல்லை, பத்து நிமிடத்தில் பதில் வரும். (ஏ9 வீதியின் ஒரு முனை யாழ்ப்பாணம், மறு முனை கண்டி என்பதை ஒரு பிள்ளை குரூப்பில்தான் அறிந்தாள். வீட்டு வாசலால் போகிற வீதியிலேயே பேராதனை வரைக்கும் கிட்டத்தட்டப் போய்விடலாம் என்றதும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.) ஆனால் அலுமாரித் திறப்பு அறுபது பேருக்கு முன் கேட்கிற கேள்வி இல்லை. அழுகை வருகிறது என்பதும் இல்லை. இன்னொன்று, குரூப்பில் இருப்பவர்களில் சிலர் அதே கம்பசில் மேல் பட்ச், அதாவது பிள்ளைக்கு முந்திச் சேர்ந்தவர்கள். இங்கே எழுதியது அங்கே ஸ்கிரீன்ஷொட்டாகப் போன அனுபவம் எங்களுக்கு ஒருமுறை உண்டு. அதற்குப் பிறகு பிள்ளைகள் அதில் “நன்றி அண்ணா” தவிர ஒன்றும் எழுதுவதில்லை. மிச்சம் எல்லாம் காலை வணக்கப் பூப்படம்.

இனி, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். நான் இந்தப் பக்கம்தான் என்பதை மறைக்கவில்லை, ஆனால் இதுவும் முதல் தடவை எங்களுக்குப் பிழைத்தது. ஏன் பிழைத்தது என்பது முக்கியம்.

முதல் தடவை, அதே கம்பசில் படிக்கிற எங்கள் ஊர் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்து, “தம்பியைப் பார்த்துக்கொள்” என்று ஒப்படைத்தோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் பல்கலைக்கழகங்களில் பகிடிவதையை முன்னின்று நடத்துவது பெரும்பாலும் உடனடி மேல் பட்ச்தான், போன வருடம் தாங்கள் பட்டதை இந்த வருடம் இறக்கிவைப்பவர்கள். ஊர் அண்ணன் தனியே நல்லவன், பட்சோடு நிற்கும்போது அவனுக்கு வேறு முகம். பிள்ளைக்கு உதவினால் அவனுடைய பட்ச் அவனைத் தள்ளிவைக்கும், உதவாவிட்டால் ஊரில் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெடியனையும் நாங்கள் அந்தரத்தில் விட்டோம். ஒரு தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னாள், “நீங்க காட்டின அண்ணாதான் என்னட்டப் பேர் கேட்டு மூண்டு தரம் சத்தமாச் சொல்லச் சொன்னவர்.”

இப்போது எங்கள் விதி மூன்றே மூன்று. ஆள் மூன்றாம் வருடத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அல்லது படித்து முடித்து வெளியில் வந்து இரண்டு, மூன்று வருடம் ஆனவராக இருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு அக்கா, ஆண்பிள்ளைக்கு அண்ணா, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. காரணத்தை விரித்து எழுதத் தேவையில்லை. மூன்றாவது, ஒரே பீடம் என்றால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வளாகம் தெரிந்திருந்தால் போதும். சாதி, சமயம், எந்தக் கட்சிக்காரன் என்பதைப் பற்றியும் கூட்டத்தில் யாரோ ஒருவர் மெதுவாக இழுத்தார். அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

வேலை என்ன? முதல் ஆறு கிழமை, ஞாயிறு பின்னேரம் ஒரு கோல். அவ்வளவுதான். “எப்படி இருக்கிறாய்” என்று கேட்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம், அதற்கு எல்லாப் பிள்ளையும் நல்லா இருக்கிறன் என்றுதான் சொல்லும். “இண்டைக்குப் பகல் என்ன சாப்பிட்டனி?” என்று கேட்க வேண்டும். அதற்குப் பொய் சொல்வது கஷ்டம். பகலுக்குப் பிஸ்கட் என்று இரண்டு ஞாயிறு தொடர்ந்து வந்தால் ஒன்றில் காசில்லை, இல்லாவிட்டால் கன்டீனுக்குப் போகப் பயம். “உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில ஆர் படுக்கிறது, அவையின்ர பேர் என்ன?” இதற்கு மூன்றாம் கிழமையும் பெயர் வராவிட்டால் பிள்ளை யாரோடும் கதைப்பதில்லை. “கடைசியா எந்த லெக்சருக்குப் போகேல்லை?” பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள், அது பிள்ளைக்குத் தெரியவரும்போது பருவம் முடிந்திருக்கும்.

போன வருடம் ஒரு அக்காவுக்கு இரவு பதினொன்றுக்குக் கோல் வந்தது. பிள்ளை குளியலறைக்குள் நின்று குசுகுசுத்ததாம், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு. பெரிய வில்லங்கம் என்று அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. விசயம் என்னவென்றால், பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மறுநாள் ஒரு தொடர் மதிப்பீட்டுப் பரீட்சை, போகாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை, ‘மெடிக்கல்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது கடுதாசியா ஆளா இடமா என்று அவளுக்கு விளங்கவில்லை, கேட்டால் சிரிப்பார்கள். அக்கா சொன்னாள்: விடிய எழும்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போ, வெளியில் டொக்டரிடம் காட்டினாலும் துண்டைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் குறித்த நாளுக்குள் கொடு, பிரதி ஒன்று வைத்துக்கொள். நான்கு நிமிடக் கோல். அந்த நான்கு நிமிடத்துக்கு எங்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் லப்டொப் ஈடில்லை.

இதில் பலவீனமும் உண்டு. ஆட்கள் களைத்துப் போவார்கள். ஆறு கிழமை என்று சொல்லித்தான் கேட்க வேண்டும், “எப்பவும் பார்த்துக்கொள்” என்று கேட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் சிம் மாற்றிவிட்டுச் சொல்லவே இல்லை. இன்னொருவர் கோல் எடுக்கும்போதெல்லாம் தன் காலத்துக் கஷ்டத்தை ஒன்றரை மணித்தியாலம் சொன்னாராம், பிள்ளை பிறகு போனை எடுக்கவில்லை. அதனால் ஆளுக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. நானும் இன்னொரு அக்காவும் மாதம் ஒருமுறை கோல் எடுத்தவர்களுக்குக் கோல் எடுக்கிறோம்.

‘இதெல்லாம் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் ஏன் இழுத்துப் போடுகிறீர்கள்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் விரிவுரையாளர்களே கூடுதல் பொறுப்பாக அதைச் செய்கிறார்கள். விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார், மருத்துவ நிலையம் இருக்கிறது. புதியவர்களுக்கு ஓரியண்டேசன் வைத்து இவர்கள் எல்லோரையும் மேடையில் காட்டுவார்கள். அன்று பிள்ளைக்கு நூறு முகம், ஒரு முகமும் மனதில் நிற்காது. ஆனால் ஒன்றை நாங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அறை மாற்ற, பரீட்சையைப் பிற்போட, சுகவீனம் என்று ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்துத் திரும்ப வர, வதை செய்தவனை விசாரிக்க, இந்த ஒன்றையும் ஊர் அண்ணாவால் செய்ய ஏலாது. அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே எங்கள் ஆளின் வேலை ஆலோசகருக்குப் பதிலாக நிற்பது இல்லை, பிள்ளையை அந்தக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவது. கதவு எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், உள்ளே போய் முதல் வசனம் என்ன சொல்வது என்பது வரைக்கும்.

பகிடிவதை விசயத்தில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நாங்கள் கடுதாசியில் எழுதியே கொடுக்கிறோம்: அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், இரண்டு வருடம் வரைக்கும் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ என்றால் பத்து வருடம் வரைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே முறையிடவும் வழி இருக்கிறது. ‘கொஞ்சம் தாங்கிக்கொள், எல்லோரும் பட்டதுதான்’ என்று எங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தோம். அப்படி முடிவெடுக்கவே ஒரு சண்டை தேவைப்பட்டது, ஏனென்றால் பட்டவர்களும் செய்தவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தோம். நானும் இரண்டாவது வகையில் கொஞ்சக் காலம் இருந்தவன்தான்.

மனம் உண்மையிலேயே உடைந்து போனால், நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, இருந்து என்ன பயன் என்று கதை வருகிறது என்றால், அது அண்ணாவும் அக்காவும் தனியே சமாளிக்கும் விசயம் இல்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, 24 மணி நேரமும் எடுக்கலாம். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கூடத்தான், அங்கே போனால் ‘விசர்’ என்று ஊர் சொல்லும் என்ற பயத்தை விலக்க வேண்டும். கம்பசுக்குள் போனால் பட்சுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிற பிள்ளைக்கு இந்த வெளி இடம் லேசு.

பக்கத்தில் எடுபட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில், 2021 வரைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் எல்லாம் கிளிநொச்சி அறிவியல் நகரில். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போனால் கச்சான் முடிய முந்தி இறங்கிவிடலாம். கிட்டத்தானே என்று தாய்மார் விட மாட்டார்கள், வீட்டில் இருந்தே போய் வா என்பார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து பஸ் மாறி அறிவியல் நகருக்கு, திரும்பவும் அப்படியே. காசு மிச்சம், வீட்டுச் சோறு, உண்மைதான். ஆனால் விரிவுரை முடிந்த பிறகு நடப்பதுதான் கம்பஸ். குறூப் அசைன்மென்ட் பின்னேரம் ஐந்துக்குப் பிறகுதான் தொடங்கும், குப்பி வகுப்பு, அதாவது மேல் பட்சில் கெட்டிக்காரர் ஒருவர் கீழ் பட்சுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அது இரவில்தான். இந்தப் பிள்ளை அந்த நேரம் பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நித்திரை. பேராதனைக்குப் போன பிள்ளை ஆறாம் கிழமையில் சிநேகிதிகள் படம் அனுப்புகிறாள். பக்கத்தில் போனவள் ஆறாம் மாதத்திலும் தனியே. என் அபிப்பிராயம், விடுதி கிடைத்தால் முதலாம் வருடமாவது தங்க வேண்டும், கிழமை முடிவில் வீட்டுக்கு வரட்டும். கிடைக்காவிட்டால் கிழமைக்கு இரண்டு நாளாவது தங்கிப் போக ஒரு சிநேகிதி அறை. தாய்மாரோடு இதைக் கதைக்க ஆண்கள் போகக் கூடாது, நான் ஒருமுறை போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வருடம் ஒன்பது பிள்ளைகள். கையில் மூன்று லட்சத்துப் பதினையாயிரம். லப்டொப் இல்லை என்று முதலே சொல்லிவிட்டோம், வெளிநாட்டு அண்ணைக்குக் கோபம், படம் இல்லாமல் தான் எப்படி அங்கே காசு சேர்ப்பது என்று கேட்டார், அதுவும் பொய் இல்லை. ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 வீதம் ஆறு மாதம், அது இரண்டு லட்சத்து எழுபதாயிரம். மிச்ச நாற்பத்தையாயிரத்தில் வேப்பமரக் கூட்டம், கோல் எடுப்பவர்களுக்கு ரீலோட், திடீர் என்று யாரையாவது போய்ப் பார்த்துவர பஸ் காசு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பையோடு ஒரு பூட்டும் இரண்டு திறப்பும், ஒரு திறப்பை நூலில் கட்டிக் கழுத்தில் போடச் சொல்லி. சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அந்தத் தம்பி அடுத்த வருடம் திரும்பிப் போனான், அதே இடத்துக்கு. இப்போது மூன்றாம் வருடம். இந்த முறை தெற்கே போகிற இரண்டு பெடியன்களுக்கு அவன்தான் கோல் எடுப்பவன், அவனாகவே கேட்டான். எட்டுப் பிள்ளைக்கு ஆள் சரி. ஒலுவிலுக்குப் போகிற தங்கச்சிக்கு மட்டும் இன்னும் ஒரு அக்கா கிடைக்கவில்லை, பதிவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.